பிரிட்ஜுக்கு நாடி பார்ப்பவர்

முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். மடித்துச் சட்டைப் பைக்குள் போடுவார். பிறகு பிரிட்ஜின் பக்கவாட்டில் வலது உள்ளங்கையைப் பரத்தி வைப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகில் வைப்பதுபோல. அதற்கப்புறம்தான் குனிந்து, வலது காதைத் தகரத்தோடு ஒட்டிவைத்துக் கண்களை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் பின்னால் கூட்டமாக நிற்பார்கள். சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று குசுகுசுவென்று மட்டும் பேசிக்கொள்வார்கள். அவர் நிதானமாக நிமிர்ந்து, கண்ணாடியை மாட்டி, இரண்டில் ஒன்று சொல்வார். "ஓடுது." அல்லது "இல்லை." அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது மின்சாரப் பட்டயம். வேலை, எரிசக்திச் சேமிப்பு முகமையில் கள ஆய்வாளர்.

மின்சார விஷயத்தில் அரசாங்கம் ஒரு வேடிக்கையான குடும்பம். மின்சாரத்தை விற்க ஒரு நிறுவனம். அது விலையை ஏற்றிவிடாமல் இழுத்துப் பிடிக்க ஓர் ஆணையம். வாங்கியதைக் குறைத்துச் செலவழியுங்கள் என்று சொல்ல ஒரு முகமை. ஒருவர் கடை விரிக்கிறார், ஒருவர் தராசைப் பிடிக்கிறார், மூன்றாமவர் வாசலில் நின்று "தயவுசெய்து வாங்காதீர்கள்" என்று கும்பிடுகிறார். டாக்டர் அந்த மூன்றாமவரின் ஆள்.

முகமை ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய பிரிட்ஜைக் கொடுத்தால் புதியது வாங்க ஊக்கத்தொகை. பழைய பிரிட்ஜ்கள் மின்சாரத்தை மொடாக்குடியனாகக் குடிக்கின்றன, அந்தக் குடியை நிறுத்துவதுதான் நோக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: கொடுக்கிற பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். செத்துப்போன குடிகாரனைத் திருத்திவிட்டேன் என்று முகமை மார்தட்டிக்கொள்ள முடியாதல்லவா? ஆகவே ஆய்வாளர் போய், உயிர் இருக்கிறது என்று உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்த கையோடு, அது வேறு வீட்டுக்கு விலைபோகாமல் இருக்க, ஒயரை வெட்டி உயிரை எடுத்துவிட வேண்டும். நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கழுத்தை நெரிக்கிற ஒரே டாக்டர் அவர்தான்.

பிரிட்ஜ் செத்த வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பின்பக்கம் வெந்நீர்ப் பையைக் கட்டிச் சூடேற்றினார்கள். மேலே ஒரு சின்ன மின்விசிறியைத் துணிபோட்டு மறைத்து உறும வைத்தார்கள். ஒரு வீட்டில் உள்ளே ஐஸ்கட்டிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். டாக்டர் காதை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உருகறதுக்குள்ள இதைக் கொண்டுபோய் உங்க அண்ணி வீட்டுலயே குடுத்துடுங்க" என்றார். ஐஸ் அண்ணி வீட்டிலிருந்து வந்தது என்று இந்த மனுஷருக்கு யார் சொன்னது? பிரிட்ஜ்தான் சொல்லியிருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. டாக்டர் மறுக்கவுமில்லை, ஆமாம் என்று சொல்லவுமில்லை.

ஓடாத பிரிட்ஜை ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. டீ வாங்கிக் குடிப்பார், அதற்காக எழுத்து மாறாது. ஊரில் அவருக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு பெயர்தான்.

இந்தப் பெருமையை எங்கே போனாலும் விரித்துவைப்பவர் அவருடைய தங்கையின் கணவர். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் வேலை. "எங்க மச்சான் காதை வெச்சா பிரிட்ஜ் எல்லாத்தையும் ஒப்பிச்சுடும்" என்பார். தன் வீட்டு பிரிட்ஜே ஒருநாள் அந்தக் காதுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த பிரிட்ஜுக்கு மாமனார் என்று பெயர். புதுக்குடித்தனம் வைத்தபோது டயர்காரரின் அப்பா வாங்கிக்கொடுத்தது. உண்மையான மாமனார் வேறு ஊரில் நலமாக இருந்தார், சத்தமாகவும் இருந்தார். இந்த மாமனார்தான் வரவர மௌன விரதத்தில் இறங்கியிருந்தது. நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். "மாமனார் இன்னிக்கு வாயே திறக்கலைங்க" என்பாள் மனைவி. டயர்காரர் போய் வயிற்றில் ஓர் உதை விடுவார். பெற்ற தகப்பனை இப்படி நாள்தோறும் உதைக்கிற பிள்ளை வேறு எங்கும் இருக்க முடியாது.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்றுவந்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரம், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகள் பிறந்தநாளில் சறுக்கியது. சறுக்கியது என்றால் நிஜமாகவே சறுக்கியது. முதல்நாள் இரவு மாமனார் தூங்கிப்போக, கிரீம் இளகி, விருந்தாளிகள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே கேக்கின் மேல்தட்டு சறுக்குமரத்தில் இறங்கும் குழந்தைபோல வழுக்கிவந்து சோபாவில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தையல்காரம்மா எதிர்வீட்டோடு நேராகப் பேசுவதில்லை. குத்தலாகப் பேசுவதோடு சரி.

இப்போது ஒரு கல்லூரி கேன்டீன் தினமும் கேக் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. கேன்டீன்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். "கிரீம் நிக்கணும்மா. புது பிரிட்ஜ் வாங்கிட்டீங்கன்னா நாளைக்கே ஆரம்பிக்கலாம். இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கறேன்." ஊக்கத்தொகை கிடைத்தால் புதியது வீட்டுக்கு வரும். கிடைக்காவிட்டால் கேன்டீனும் போகும், இருக்கிற கொஞ்சநஞ்ச வியாபாரமும் போகும். அவள் மனுப் போட்டாள். திட்டமோ அந்த வாரத்தோடு மூடுவதாக இருந்தது.

மனுவைப் பார்த்ததும் டாக்டர் நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"மேடம், இது என் தங்கச்சி வீடு. நான் போறது சரியா வராது."

"வேற யாரை அனுப்பச் சொல்றீங்க? இந்தப் பக்கத்துக்கு நீங்க ஒருத்தர்தானே."

"அப்போ விட்டுடலாம்."

"விட்டுட்டு? அதுக்கப்புறம் அவங்க உங்க முகத்துல முழிப்பாங்களா?" மேலாளர் சிரித்தார். "விதியிலயே வழி இருக்கு டாக்டர். சொந்தக்காரங்க வீடுன்னா, சொந்தமில்லாத ஒருத்தர் சாட்சியா பக்கத்துல நிக்கணும். அந்தத் தெருவில உங்க தங்கச்சியைப் பிடிக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

டாக்டர் யோசிக்கவே இல்லை. "இருக்காங்க."

அன்று காலையில் மாமனார் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிவாக்கில் பொசுக்கென்று நின்றுவிட்டது. மனைவி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். டயர்காரர் ஓர் உதை விட்டார், அசையவில்லை. இன்னொன்று விட்டார். கால்விரல்தான் வலித்தது. மச்சான் வருகிற நேரம். அவருக்கு மூளையில் ஒரு பல்ப் எரிந்தது. மனைவியின் செல்போனில் நிற்காமல் அதிர்வதற்கு என்னென்ன அமுக்க வேண்டுமோ அமுக்கி, காய்கறித் தட்டில் முட்டைகோஸுக்கு அடியில் சொருகிவிட்டுக் கதவைச் சாத்தினார். உர்ர்ர்ர் என்று கேட்டது. அசல் மாமனாரேதான்.

டாக்டர் தையல்காரம்மாவோடு வந்தார். தையல்காரம்மா கழுத்தில் அளவுநாடா தொங்கியது, கையில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகள் ஒரு குவியல்.

"என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர் சுவரைப் பார்த்து. "இந்த வீட்டு பிரிட்ஜைப் பத்தி என்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? எங்க சோபாவுக்குத் தெரியும். அது பேசாது."

"வாங்கக்கா, உட்காருங்க" என்றாள் தங்கை. அண்ணனுக்கு இடது பக்கமாக வந்து நின்றுகொண்டாள். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளங்கையை வைத்தார். வலது காதை வைத்தார்.

"அட, ஓடுதே!" என்றார் தையல்காரம்மா, ஏமாற்றத்தோடு.

டாக்டரின் புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னால் தங்கை கணவனின் விலாவில் இடித்தாள்.

"நின்னு போச்சுன்னீங்களே, எப்படி ஓடுது?" என்று கிசுகிசுத்தாள்.

"நீ பேசாம இரு. எல்லாம் செட் பண்ணிட்டேன்."

"என்ன செட்டு?"

"கோஸுக்கு அடியில உன் போனு."

"அடப்பாவி மனுஷா..."

அவள் முடிப்பதற்குள் பிரிட்ஜ் பாட ஆரம்பித்தது. மெலிதாகத் தொடங்கிப் போகப்போக உருகுகிற ஒரு பழைய காதல் பாட்டு. தையல்காரம்மாவின் கையிலிருந்த சட்டைகள் கீழே விழுந்தன.

டாக்டர் நிமிர்ந்தார். கதவைத் திறந்தார். தேடவே இல்லை. நேராகக் காய்கறித் தட்டை இழுத்து, முட்டைகோஸைத் தூக்கி, அடியிலிருந்த போனை எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ... ஆமாங்க, கேக் செய்யற வீடுதான்... கேன்டீன்லேருந்தா? அவங்க அண்ணன் பேசறேன்... குரல் ஏன் நடுங்குதா? போன் கொஞ்சம் ஜில்லுனு இருக்கு, அவ்வளவுதான்... புது பிரிட்ஜா?" இங்கே டாக்டர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலைங்க. சாயங்காலத்துக்குள்ள அவங்களே சொல்லுவாங்க."

போனைத் தங்கையிடம் கொடுத்தார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, உள்ள இருக்கற பொருளையெல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் சோதனையே ஆரம்பிக்கணும். அதனால இன்னும் ஆரம்பிக்கலைன்னு வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கறீங்களா?" என்றார் தையல்காரம்மா. "நான் எங்கே வெச்சுக்கறது? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

"விதியிலயே அப்படித்தான் இருக்கும்மா. வேணும்னா படிச்சுக் காட்டறேன்."

"வேண்டாம் வேண்டாம். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

டயர்காரர் அவமானத்தில் சிவந்து, பிரிட்ஜுக்குள் இருந்ததையெல்லாம் மேஜைமேல் எடுத்துவைத்தார். வெண்ணெய், முட்டை, ஜாம் பாட்டில், அந்தத் துரோகி முட்டைகோஸ். அவர் மனதில் ஒரே கேள்விதான் குடைந்தது. தட்டு, கூடை, பாட்டில் வரிசை என்று எத்தனையோ இருக்க, மச்சான் எப்படி நேராகக் கோஸைத் தூக்கினார்? எந்த பிரிட்ஜும் இவ்வளவு துல்லியமாகவா காட்டிக்கொடுக்கும்? அதுவும் சொந்த மாமனார்!

இரண்டாவது தடவை டாக்டர் கையையும் காதையும் வைத்தபோது வீடு அமைதியாக இருந்தது. பிரிட்ஜும்தான். கல்லில் கை வைத்ததுபோல அவர் அசையாமல் நின்றார். "இல்லை" என்ற சொல் வருவதற்கான நேரம் அது.

தங்கை கணவனின் கையைப் பிடித்தாள். அவள் குரல் கிசுகிசுப்புத்தான், ஆனால் நிதானமாக இருந்தது.

"கேளுங்க. அண்ணன் 'இல்லை'ன்னு எழுதினா எழுதட்டும். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. கேன்டீன் போனா நான் வேற ஏதாவது பார்த்துக்குவேன். அவர் பேரு போனா அவருக்கு வேற என்ன இருக்கு?"

டயர்காரர் தலையாட்டினார்.

"ஆனா காலையில ஓடிச்சு. அது சத்தியம். கொஞ்சம் பொறுத்தா மறுபடியும் ஓடும். அண்ணனை இருங்கன்னு நான் வாயைத் திறந்து கேட்க மாட்டேன். தங்கச்சின்னு சலுகை கேட்டதா ஆயிடும்."

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணாடியை மெதுவாக மாட்டினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"குட்டி, ஒரு நாற்காலி எடுத்துப் போடு" என்றார் தங்கையிடம்.

ஆய்வாளர் வீட்டில் இருக்கும்போது பிரிட்ஜ் ஓட வேண்டும் என்பதுதான் விதி. எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று விதி எழுதியவர் எழுதாமல் விட்டிருந்தார். இதுவரை ஒரு டீக்கு மேல் டாக்டர் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. அன்று உட்கார்ந்துவிட்டார். அதுதான் அன்றைய கடைசி வீடு என்றும், தனக்கு அவசரம் ஒன்றுமில்லை என்றும் பொதுவாகச் சொன்னார்.

ஒரு பிரிட்ஜைச் சுற்றி நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது பார்க்க விநோதமாக இருந்தது. பெண்பார்க்க வந்த இடத்தில் பெண் வெளியே வராவிட்டால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். டீ வந்தது. தம்ளர்கள் காலியாயின. ஜன்னல் வெயில் தரையிலிருந்து நகர்ந்து மாமனாரின் காலடியைத் தொட்டது. தையல்காரம்மா பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

"உதைக்கலாமா மச்சான்? ஒண்ணே ஒண்ணு?" என்றார் டயர்காரர்.

"சோதனை நடக்கும்போது வெளியிலேருந்து விசை கொடுக்கக் கூடாது மாப்பிள்ளை."

"பெத்த அப்பாவை உதைக்க எவ்வளவு ஆசை பாருங்க" என்றார் தையல்காரம்மா நூலைக் கடித்துக்கொண்டே. "நேருல இந்த வீரத்தைக் காட்டுவீங்களா?"

"அவரு திருப்பி உதைப்பாருக்கா."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மாலை நெருங்கியது. மறுநாள் காலைக்கு ஒரு கேக் கொடுக்க வேண்டியிருந்தது, அதை இனியும் தள்ளிப்போட முடியாது. தங்கை எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். வேலையில் இறங்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் போய்விட்டது. கிரீமை அடித்தாள். நுரைத்துவந்த பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் கால்விரலால் பிரிட்ஜ் கதவைத் திறந்தாள், பாத்திரத்தை உள்ளே வைத்தாள், திரும்பிய வேகத்தில் இடுப்பால் ஓர் இடி இடித்துக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். தினமும் செய்கிற காரியம்தான்.

டொக்.

மாமனார் ஒரு தடவை கனைத்தது. உடம்பை உதறியது. மேஜைமேல் ஜாம் பாட்டிலும் வெண்ணெய்க் கிண்ணமும் கிணுகிணுவென்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிறகு நீளமாக, சீராக, ஓட ஆரம்பித்தது.

டயர்காரர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். "ஓடுது! அப்பா ஓடுறாரு!"

"இருங்க இருங்க" என்று தையல்காரம்மா கையை உயர்த்தினார். "இடுப்பால இடிச்சா. அது உதையில சேருமா சேராதா?"

டாக்டர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நீங்க கையில பாத்திரம் இருந்தா எப்படிம்மா கதவைச் சாத்துவீங்க?"

தையல்காரம்மா தன் வீட்டுச் சமையலறையை மனதில் பார்த்தார். "இடுப்பாலதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"கதவைச் சாத்தறது உபயோகம். விசை இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி, கையையும் காதையும் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். "ஓடுது" என்றார். சாட்சியும் கையை வைத்துப் பார்த்தது. "ஓடுது. என் மகள் பொறந்தநாள் அன்னிக்கு ஓடியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றபடி கையெழுத்துப் போட்டது.

டாக்டர் பையிலிருந்து வெட்டுக்குறட்டை எடுத்ததும் டயர்காரர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். பிளக்கைப் பிடுங்கினார். மாமனார் ஒரு குலுங்கு குலுங்கி, உள்ளே எங்கோ தண்ணீர் இறங்குவதுபோல ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஒயரை வெட்டியபோது சின்னதாக ஒரு சத்தம்தான். இவ்வளவு நேரம் இது தொலைய வேண்டும் என்று காத்திருந்த தங்கை, ஓர் ஈரத்துணியை எடுத்துவந்து கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். நாளைக்குப் பழைய இரும்புக்குப் போகப்போகிற கதவு.

"எதுக்கும்மா துடைக்கறே?" என்றார் தையல்காரம்மா. அன்று முதல்முறையாக அவர் சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

"தெரியலைக்கா. விரல் தடமா இருக்கு."

"உள்ள கிரீம் வெச்சியே, அது?"

தங்கை திகைத்து நின்றாள். தையல்காரம்மா சட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்து பாத்திரத்தை எடுத்தார். "புதுசு வர்ற வரைக்கும் எங்க வீட்டு பிரிட்ஜ்ல வெச்சுக்கோ. எங்களுது தூங்காது."

அந்த வாரக் கடைசியில் புதிய பிரிட்ஜ் வந்தது. கேன்டீன் ஆரம்பித்தது. புதியது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. தங்கை இடுப்பால் இடித்துச் சாத்தும்போதெல்லாம் கீச்கீச்சென்று புகார் செய்தது. அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் சின்ன விருந்து. கேக் தங்கை செய்தது, கிரீம் நின்றது. டயர்காரர் மச்சானுக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். "மச்சான், அன்னிக்குக் கோஸுக்கு அடியிலதான் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" டாக்டர் பதில் சொல்லாமல் கேக் தின்றுகொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் கேட்டார். பதில் இல்லை. கோபமோ என்று டயர்காரர் எழுந்துபோய் மனைவியிடம் முறையிட்டார்.

அவள் கேக்கை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினா எப்படிங்க கேட்கும்? வலது காது அவருக்குக் கைக்குழந்தையிலேயே போயிடுச்சே. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."